முட்டை பொரிந்தாச்சு... முதலைக்கு இடம் எங்கே?

ஞாயிற்றுக்கிழமை என்றால் அனுப்பர்பாளையத்துக் குடும்பங்களுக்குப் போக்கிடம் அதிகமில்லை. ஆறு நாளும் பாத்திரப் பட்டறையில் பித்தளைத் தகடு தட்டும் சத்தம், பனியன் கம்பெனியில் தையல் மெஷின் சத்தம். ஏழாவது நாள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு எங்கேயாவது போயாக வேண்டும். ஒன்று திருமூர்த்தி மலை, இல்லாவிட்டால் அமராவதி அணை. கோவை வ.உ.சி உயிரியல் பூங்காவும் ஒருகாலத்தில் இந்தப் பட்டியலில் இருந்தது. 2022-ல் மத்திய உயிரியல் பூங்கா ஆணையம் அதன் அங்கீகாரத்தை ரத்து செய்த பிறகு அந்தப் பெயர் பட்டியலிலிருந்து விழுந்துவிட்டது.

பல்லடம், உடுமலை வழியாகப் போய், அங்கிருந்து இன்னும் 25 கிலோமீட்டர் தெற்கே இறங்கினால் சைனிக் பள்ளி இருக்கும் அமராவதி நகர். அணையைப் பார்த்து, மீன் வறுவல் சாப்பிட்டு முடித்தவர்கள் அடுத்து நுழைவது வனத்துறையின் முதலைப் பண்ணைக்குள்தான். தொட்டிச் சுவரைப் பிடித்து எட்டிப் பார்க்கும் பிள்ளைகள் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்று.

"அப்புச்சி, அது பொம்மையா?"

"பொம்மையில்ல சாமி, தூங்குது."

தூங்கவும் இல்லை என்பதுதான் உண்மை. முதலை குளிர் ரத்தப் பிராணி. வெயிலில் கிடந்துதான் உடம்பைச் சூடாக்கிக்கொள்ளும். சூடு அதிகமானால் வாயைத் திறந்துவைத்துத் தணித்துக்கொள்ளும். அசையாமல் கிடப்பதே அதற்கு ஒரு வேலை. இது தெரியாமல் 'எழுந்திருக்குதா பார்ப்போம்' என்று கல்லைத் தூக்கிப் போடும் பெரியவர்கள் உண்டு. பிள்ளைகளைவிட அவர்களைக் கட்டுப்படுத்துவதுதான் பண்ணைகளில் பெரிய பாடு!

பொம்மையா என்று கேட்கும் யாரும், இத்தனை முதலைகள் இங்கே எப்படி வந்தன, ஏன் இன்னும் இங்கேயே இருக்கின்றன என்று கேட்பதில்லை. கேட்டால் கிடைக்கும் பதில் கொஞ்சம் விநோதமானது. அரிய விலங்குகளைக் கூண்டில் இனப்பெருக்கம் செய்யவைப்பது கடினம் என்றுதான் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அமராவதியிலும் அதைப் போன்ற மற்றப் பண்ணைகளிலும் நடந்தது அதற்கு நேர் எதிர்.

ஒரு டிகிரியில் ஆணா பெண்ணா

1970-களின் தொடக்கத்தில் இந்தியாவில் முதலைகள் தோலுக்காகச் சுட்டுத் தள்ளப்பட்டு, பல ஆறுகளில் பெயரளவுக்குத்தான் மிஞ்சியிருந்தன. 1972-ல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1975-ல் மத்திய அரசு, ஐ.நா அமைப்புகளின் உதவியோடு முதலைப் பாதுகாப்புத் திட்டத்தைத் தொடங்கியது. தமிழ்நாட்டில் அமராவதி, ஒகேனக்கல், சாத்தனூர் ஆகிய இடங்களில் பண்ணைகள் உருவாயின. ரோமுலஸ் விட்டேக்கர் 1976-ல் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலியில் சென்னை முதலைப் பண்ணையை ஆரம்பித்ததும் இந்தக் காலத்தில்தான்.

அமராவதியைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. அணை நீர்த்தேக்கத்திலும், அதில் வந்து சேரும் பாம்பாறு, சின்னாறு, தேனாறு ஆகியவற்றிலும் சதுப்புநில முதலைகள் இயற்கையாகவே வாழ்கின்றன. தென்னிந்தியாவில் இந்த இனம் நல்ல எண்ணிக்கையில் மிஞ்சியிருந்த சில இடங்களில் இதுவும் ஒன்று.

திட்டம் எளிமையானது. ஒரு தாய் முதலை கரை மணலில் குழி தோண்டி 25, 30 முட்டைகள் இடும். அதில் பாதியை உடும்பும் நரியும் காட்டுப்பன்றியும் தோண்டித் தின்றுவிடும். தப்பிப் பொரிந்த குஞ்சுகளைக் கொக்கும் பெரிய மீன்களும் பார்த்துக்கொள்ளும். வளர்ந்து பெரிய முதலையாவது ஒன்றோ இரண்டோதான். எனவே முட்டைகளைப் பத்திரமாக எடுத்துவந்து பொரிக்கவைத்து, குஞ்சுகளை ஒரு மீட்டர் நீளத்துக்கு மேல் வளர்த்து, மறுபடி ஆற்றில் விடுவது என்று முடிவானது. எந்தக் கொக்காலும் தூக்க முடியாத சைஸ்!

கேட்க எளிமையாக இருந்தாலும் முட்டையை எடுப்பதே நுணுக்கமான வேலை. கோழி முட்டையை அடை வைக்கும்போது கோழி அதை அடிக்கடி உருட்டிவிடும். முதலை முட்டையை உருட்டினால் கதை முடிந்தது. இட்ட சில மணி நேரத்தில் கரு முட்டையின் மேற்புற உள்பக்கத்தில் ஒட்டிக்கொள்ளும். பிறகு முட்டை தலைகீழானால் கரு செத்துவிடும். அதனால் மணலிலிருந்து எடுக்கும் முன்பே ஒவ்வொரு முட்டையின் மேலும் பென்சிலால் ஒரு கோடு போட்டுவிடுவார்கள். கோடு எப்போதும் மேலே பார்த்தபடியே இருக்க வேண்டும், பெட்டியிலும், ஜீப்பிலும், குலுங்கும் மலைப்பாதையிலும்.

அடுத்தது சூடு. மனிதர்களைப் போல முதலைக்குக் கரு உருவாகும்போதே ஆண், பெண் தீர்மானமாவதில்லை. முட்டை கிடக்கும் மணலின் வெப்பம்தான் அதைத் தீர்மானிக்கிறது. சென்னை முதலைப் பண்ணையில் நடந்த ஆய்வுகள் சதுப்புநில முதலைக்கு இதைத் துல்லியமாகக் காட்டின. 31 டிகிரிக்குக் கீழே இருந்தால் எல்லாம் பெண். 32.5 டிகிரியை ஒட்டி இருந்தால் ஆண். அதற்கும் மேலே போனால் மறுபடி பெண்கள் தலைகாட்டும். திருப்பூர்க்காரர்களுக்கு இது சுலபமாகப் புரியும். சாயப்பட்டறையில் சூடு இரண்டு டிகிரி ஏறினால் ஷேடு மாறி, மொத்த லாட்டும் ரிஜெக்ட் ஆவதில்லையா? இங்கே மாறுவது ஒரு தலைமுறையின் ஆண், பெண் கணக்கு.

இரண்டு மாதத்துக்கும் மேல் காத்திருந்தால் முட்டைக்குள்ளிருந்தே குஞ்சுகள் கீச்சிடத் தொடங்கும். காட்டில் அந்தச் சத்தம் கேட்டுத் தாய் மணலைத் தோண்டி, குஞ்சுகளை வாயில் கவ்வி நீருக்குக் கொண்டுபோகும். தாய் மட்டுமில்லை, ஆண் முதலையும் குஞ்சுகளை வாயில் சுமந்து செல்வது சென்னைப் பண்ணையில்தான் பதிவு செய்யப்பட்டது. கொடூரத்துக்கு உவமையாகச் சொல்லப்படும் பிராணிக்குள் இப்படியொரு அப்பா!

ஆர்டர் இல்லாத உற்பத்தி

எல்லாம் நன்றாகப் போனது. தேவைக்கும் மேல் நன்றாகப் போனது என்பதுதான் சிக்கல். காட்டில் வருடம் ஒருமுறை முட்டையிடும் சதுப்புநில முதலை, வேளா வேளைக்குத் தீனி கிடைத்த பண்ணையில் வருடத்துக்கு இரண்டு முறை முட்டையிட்டது. நரியும் இல்லை, உடும்பும் இல்லை. பொரிந்ததெல்லாம் பிழைத்தது. சில வருடங்களில் பல மாநிலங்களுக்கு அனுப்பியும் தீராத அளவுக்கு முதலைகள் பெருகின.

அதே காலத்தில் வெளியே வேறொன்று நடந்துகொண்டிருந்தது. ஆறுகளில் அணைகள் எழுந்தன. கரைகளில் வயலும் மோட்டாரும் வந்தன. மணல் லாரி ஏறியது. எங்கே கொண்டுபோய் விட்டாலும், 'எங்கள் ஊர் ஆற்றில் முதலையா?' என்ற எதிர்ப்பு வந்தது. அதில் தப்பில்லை. துணி துவைக்கவும் மாட்டைக் குளிப்பாட்டவும் ஆற்றில் இறங்குகிறவர்களுக்குத்தான் பயம் தெரியும். 1990-களில் முதலைகளை ஆற்றில் விடுவது ஏறக்குறைய நின்றுபோனது. முட்டை சேகரிப்பும் நின்றது. பண்ணைகளில் ஆண்களையும் பெண்களையும் பிரிப்பது, இட்ட முட்டைகளை எடுத்து அழிப்பது என்று வேலையே தலைகீழானது. அழியப்போகும் இனத்தைக் காப்பாற்றக் கோடு போட்டு முட்டை சுமந்தவர்கள், அதே முட்டையைப் பொரியாமல் பார்த்துக்கொள்ள வேண்டிய நிலை.

பனியன் தொழிலில் இதற்கு ஒரு கணக்கு உண்டு. கையில் ஆர்டர் இல்லாமல் துணி வெட்டக் கூடாது. வெட்டினால் குடோனில் தேங்கும். தேங்கிய பனியனைக் கிலோ கணக்கிலாவது தள்ளிவிடலாம். முதலையை? தாய்லாந்து, பப்புவா நியூ கினி போன்ற நாடுகளில் பண்ணை முதலைத் தோலைச் சட்டப்படியே விற்கிறார்கள். இந்தியச் சட்டத்தில் அதற்கு இடமில்லை. ஒரு சதுப்புநில முதலை 40 ஆண்டுகளுக்கு மேலும் வாழும். அத்தனை ஆண்டுகளும் தீனி, தண்ணீர், தொட்டி, காவல் எல்லாம் கொடுத்தாக வேண்டும்.

சென்னை முதலைப் பண்ணை கடைசியில் 1,000 முதலைகளைக் குஜராத்தின் ஜாம்நகரில் உள்ள தனியார் விலங்கு மையத்துக்கு அனுப்ப அனுமதி வாங்கியது. அதை எதிர்த்து வழக்கு போனது. 2022-ல் சென்னை உயர் நீதிமன்றம் அந்த வழக்கைத் தள்ளுபடி செய்தது. நாட்டின் தெற்கு முனையில் பிறந்த முதலைகளுக்கு மேற்கு முனையில் தொட்டி. அமராவதிப் பண்ணையில் கிட்டத்தட்ட 100 முதலைகள் இருக்கின்றன. சுவரைப் பிடித்து எட்டிப் பார்க்கும் பிள்ளைகளின் கண்ணில் படுவது அவைதான். கொஞ்சம் தள்ளி நீர்த்தேக்கத்தில் அவற்றின் உறவுகள் யார் உதவியும் இல்லாமல் கரையில் முட்டையிட்டுக்கொண்டிருக்கின்றன.

பனிக்கட்டி இல்லாத தாய்

முதலை இப்படியென்றால், எதிர்க் கோடியில் இருக்கிறது வால்ரஸ். வடதுருவக் கடலில் வாழும், இரண்டு நீளத் தந்தங்களும் புஸ்புஸ் மீசையும் கொண்ட, ஒன்றரை டன் வரை எடை போடும் கடல் விலங்கு. பிள்ளைகள் கார்ட்டூனில் பார்த்திருப்பார்கள். இந்தியாவில் எந்தப் பூங்காவிலும் இல்லை. இருக்கும் நாடுகளிலும் அது குட்டி போட்டால் தலைப்புச் செய்தி. 2014 ஜூனில் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் உள்ள ஹாகன்பெக் விலங்குப் பூங்காவில் ஒரு குட்டி பிறந்தது. அம்மா டைனா, அப்பா ஓடின், குட்டிக்குத் தோர் என்று பெயர். அதுதான் ஜெர்மனியிலேயே பிறந்த முதல் வால்ரஸ்! நூறாண்டு கடந்த பூங்காக்கள் இருக்கும் நாட்டில், 2014-ல்தான் முதல் குட்டி.

ஏன் இவ்வளவு கஷ்டம்? வால்ரஸின் உடம்பு காலண்டர் பார்த்து வேலை செய்வது. கடுங்குளிர்காலத்தில் கடலுக்குள் இணைசேரும். கரு உருவானதும் உடனே வளராது. நான்கு மாதம்போல அப்படியே காத்திருந்து, பிறகுதான் கருப்பையில் ஒட்டி வளரத் தொடங்கும். எல்லாம் சேர்த்து 15 மாதத்துக்கு மேல். குட்டி பிறக்கும்போது வசந்தம் வந்து, கடல்பனி தாங்குமளவுக்கு இருக்க வேண்டும் என்பதற்கான ஏற்பாடு இது. பிறந்த குட்டி இரண்டு வருடத்துக்கு மேல் தாயை விட்டு நகராது. அதனால் ஒரு தாய் மூன்று வருடத்துக்கு ஒருமுறை ஒரு குட்டி ஈன்றாலே அதிகம். சிமென்ட் குளத்தில் எந்தக் குளிர், எந்தப் பகல் நீளம், எந்தக் கூட்டத்தின் சத்தம் இந்தக் காலண்டரைத் திருப்பும்? ஆணின் பருவமும் பெண்ணின் பருவமும் ஒரே வாரங்களில் கூடி வந்தால்தான் கரு. ஒன்று தவறினால் அடுத்த குளிர்காலம் வரை காத்திருக்க வேண்டும்.

சாப்பாடும் லேசில்லை. கடலடிச் சேற்றை மீசையால் துழாவி, சிப்பியை உதட்டில் பிடித்து, சதையை மட்டும் உறிஞ்சி எடுக்கும் பிராணி அது. ஒரே வேளையில் ஆயிரக்கணக்கான சிப்பிகளைக் காலி செய்யும். குளத்தில் துழாவச் சேறு இல்லை. சும்மா இருக்க முடியாமல் சுவரிலும் தரையிலும் தந்தத்தைத் தேய்த்துத் தேய்த்து, தந்தம் உடைந்து சீழ் பிடித்து, அதைப் பிடுங்கவேண்டி வந்த வால்ரஸ்கள் உண்டு. சலிப்பு என்பது மனிதர்களுக்கு மட்டும் வரும் நோய் இல்லை.

குட்டிக்குத் தாய் எவ்வளவு முக்கியம் என்பதை 2023 ஆகஸ்ட்டில் அலாஸ்காவில் நடந்த ஒரு சம்பவம் சொல்லும். தாயைத் தொலைத்து நிலத்தில் தனியாகத் திரிந்த ஒரு மாதக் குட்டி வால்ரஸைக் காப்பாற்றி அலாஸ்கா சீலைஃப் மையத்துக்குக் கொண்டுவந்தார்கள். 90 கிலோ எடை. அந்த வயதில் தாயின் உடம்போடு ஒட்டியே கிடக்கும் பிராணி என்பதால், ஊழியர்கள் ஷிப்ட் போட்டு 24 மணி நேரமும் அதைக் கட்டியணைத்தபடியே இருந்தார்கள். ஒருவர் எழுந்தால் அடுத்தவர் உட்கார வேண்டும். உலகமே அந்த வீடியோவைப் பார்த்து உருகியது. இரண்டு வாரம்கூட ஆகவில்லை, குட்டி இறந்துவிட்டது.

தமிழ்நாட்டுக்கும் இப்படியொரு அனுபவம் உண்டு, ரொம்பப் பேருக்குத் தெரியாது. வால்ரஸைப் போலவே கடலில் வாழும் பாலூட்டி ஆவுளியா. கடற்பசு என்றும் சொல்வார்கள். பாக் நீரிணையில் கடற்புல் மேய்ந்து வாழ்வது. 1950-களின் கடைசியில் மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்தில் ஆணும் பெண்ணுமாக ஒரு ஜோடி ஆவுளியாக்கள் தொட்டியில் வளர்க்கப்பட்டன. பூங்காவில் அபூர்வமாகவே உயிரோடு இருக்கும் பிராணி, இங்கே பல வருடங்கள் இருந்தது. வெறும் கடற்புல்லைக் கொடுத்தே அதைச் சாதித்த ஊழியர்களின் உழைப்பைச் சும்மா சொல்லக் கூடாது. வளர்ந்த ஆவுளியா ஒன்று ஒரு நாளைக்கு 30 கிலோவுக்கு மேல் புல் தின்னும். தினமும் கடலில் இறங்கிப் பறித்துவர வேண்டும். ஜோடியாக இருந்தும் குட்டி மட்டும் பிறக்கவே இல்லை. மண்டபத்தில் மட்டுமல்ல, உலகத்தில் எங்கேயுமே கூண்டில் ஆவுளியாவை இனப்பெருக்கம் செய்யவைத்தவர்கள் இல்லை.

'என்ன கூட்டமுங்க?'

சரி, குட்டி பிறந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அதோடு தீர்ந்ததா?

கொங்குப் பக்கம் சம்பந்தம் பேச உட்கார்ந்தால் முதல் கேள்வியே 'என்ன கூட்டமுங்க?' என்பதுதான். இரண்டு வீடும் ஒரே கூட்டம் என்றால், காபி குடித்துவிட்டு எழுந்துவிட வேண்டியதுதான். உயிரியல் பூங்காக்களும் அரிய விலங்குகளுக்கு இப்படி ஒரு பதிவேடு வைத்திருக்கின்றன. எந்தக் குட்டிக்கு யார் தாய், யார் தகப்பன், எந்தப் பூங்காவில் பிறந்தது, எங்கே போனது என்று தலைமுறை தலைமுறையாக எழுதிவைப்பது. அதைப் பார்த்துத்தான் ஜோடி சேர்ப்பார்கள். ஒரு ஊர்ப் பூங்காவிலிருந்து இன்னொரு ஊருக்குப் புலியோ குரங்கோ மாறிப்போகும் செய்தி வந்தால், பெரும்பாலும் பின்னணியில் நடப்பது பெண் பார்க்கும் படலம்தான்.

அந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டதன் விளைவுதான் வெள்ளைப் புலி. வண்டலூரில் வெள்ளைப் புலிக் கூண்டுக்கு முன்னால் எப்போதும் கூட்டம் நிற்கும். 1951-ல் இன்றைய மத்தியப் பிரதேசத்தின் ரேவா பகுதியில் பிடிபட்ட மோகன் என்ற ஒரே ஒரு வெள்ளைக் குட்டியைத்தான் உலகப் பூங்காக்களில் உள்ள வெள்ளைப் புலிகளின் மூதாதை என்பார்கள். மோகனுக்கு முதலில் பிறந்த குட்டிகள் எல்லாம் சாதாரண நிறம். வெள்ளை வேண்டும் என்பதற்காக மோகனை அதன் மகள் ராதாவோடே சேர்த்தார்கள். 1958-ல் வெள்ளைக் குட்டிகள் பிறந்தன. டிக்கெட் விற்றது. அதற்குப் பிறகு அண்ணன், தங்கை, அப்பா, மகள் என்று நெருங்கிய ரத்தத்துக்குள்ளேயே ஜோடி சேர்த்ததில் மாறுகண், வளைந்த முதுகு, சீக்கிரச் சாவு என்று கோளாறுகள் குவிந்தன. வெள்ளைப் புலி தனி இனமே இல்லை, நிறம் மாறிய சாதாரணப் புலி. காட்டுக்குத் திரும்ப அனுப்பப்போகும் பிராணியும் இல்லை. வேடிக்கைக்காகப் பிறக்கவைக்கப்பட்டது என்று சொல்வதில் தயங்க ஒன்றுமில்லை.

சண்டிகர் அருகே உள்ள சத்பீர் பூங்காவில் வேறு விதமான குழப்பம். சர்க்கஸிலிருந்து வந்த ஆப்பிரிக்கச் சிங்கங்களும் ஆசியச் சிங்கங்களும் கலந்து பெருகிவிட்டன. கிர் காட்டின் ஆசியச் சிங்கம் உலகத்தில் அங்கே மட்டுமே மிஞ்சியிருக்கும் தனி ரகம். அதைக் காப்பாற்றுவதற்காகச் செய்த வேலையில் கலப்பு நடந்துவிட்டது தெரிந்ததும், ஆண் சிங்கங்களுக்குக் குடும்பக் கட்டுப்பாடு செய்து, அந்த வம்சத்தை அதோடு முடியவிட்டார்கள்.

நம்ம ஊர் சிங்கவால் குரங்குக்கும் ஒரு கதை இருக்கிறது. ஆனைமலை, வால்பாறை பக்கத்துச் சோலைக்காடுகளில் வாழும் இது, மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகத்தில் வேறெங்கும் கிடையாது. 1980-களில் அமெரிக்கப் பூங்காக்களில் இது நன்றாகவே பெருகியது. கூண்டு போதவில்லை என்று பெண் குரங்குகளுக்குக் கருத்தடை கொடுத்தார்கள். வருடங்கள் ஓடின. மறுபடி குட்டி வேண்டும் என்று நினைத்தபோது கூட்டத்துக்கே வயதாகியிருந்தது. எண்ணிக்கை சரிந்துகொண்டே போனது. அதிகமும் ஆகக் கூடாது, நிறுத்தவும் கூடாது. அரிசி உலையில் தண்ணீர் வைப்பதைவிடச் சிக்கலான அளவு!

இடத்துக்கான போராட்டம் பெரிய விலங்குகளுக்கு மட்டுமானதும் இல்லை. கோவை வ.உ.சி பூங்கா மூடப்பட்டபோது அங்கே எஞ்சியிருந்த புள்ளிமான்களை என்ன செய்வது என்பதே தனி வேலையாக இருந்தது. கூண்டில் புள்ளிமான் தயங்காது, விட்டால் ஆடு மாதிரிப் பெருகும். பரிசோதனைகள் முடித்துச் சிறுவாணி மலையடிவாரக் காட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். அவற்றுக்காவது பக்கத்தில் காடு இருந்தது.

திரும்பிப் போனவை

கூண்டில் பிறந்து காட்டுக்குத் திரும்பிய விலங்குகள் இல்லாமல் இல்லை. அசாமின் குள்ளப் பன்றி ஓர் உதாரணம். முழங்கால் உயரம்கூட இருக்காது. 1996-ல் மானஸ் காட்டிலிருந்து ஆறே ஆறு பன்றிகளைப் பிடித்துவந்து குவாஹாட்டியில் இனப்பெருக்கத்தைத் தொடங்கினார்கள். இன்று வரை 100-க்கும் அதிகமானவை புல்வெளிகளுக்குத் திரும்பியிருக்கின்றன. அங்கே வேலை பார்த்தவர்கள் பன்றியோடு நிறுத்தவில்லை. பன்றி வாழும் உயரப் புல்லை எப்போது எரிக்கலாம், எப்போது எரிக்கக் கூடாது என்பதையும் சேர்த்தே கவனித்தார்கள். போகும் வீட்டைத் தயார் செய்துவிட்டுப் பெண்ணை அனுப்பியது போல.

பிணந்தின்னிக் கழுகுக்கு வீடு இன்னும் தயாராகவில்லை. 1990-களில் தொடங்கிப் பத்துப் பதினைந்து வருடத்தில் இந்தியாவின் வெண்முதுகுக் கழுகுகளில் 99 சதவிகிதத்துக்கு மேல் அழிந்தன. மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் என்ற வலி மருந்துதான் காரணம் என்று 2004-ல் தெரியவந்தது. அந்த மாடு செத்து, அதைத் தின்ற கழுகின் சிறுநீரகம் செயலிழந்தது. 2006-ல் கால்நடைகளுக்கு அந்த மருந்து தடை செய்யப்பட்டது. ஹரியானாவின் பிஞ்சோரில் 2001 முதல் கூண்டில் கழுகு வளர்க்கிறார்கள். ஜோடிக்கு வருடம் ஒரே முட்டைதான். பொறுமையாக வளர்த்த கழுகை வெளியே விட்டால், விஷ மருந்து ஏறிய ஒரே ஒரு மாட்டுச் சடலம் அத்தனை வருட உழைப்பையும் அழித்துவிடும். தமிழ்நாட்டில் நீலகிரியை ஒட்டிய மாயாறு பள்ளத்தாக்கில் இன்னும் காட்டுக் கழுகுகள் கூடு கட்டுகின்றன. அவற்றைக் காப்பாற்றக் கூண்டு தேவைப்படவில்லை. சுற்றியுள்ள ஊர்களின் மருந்துக் கடைகளில் என்ன விற்கிறார்கள் என்று பார்ப்பதே அங்கே முதல் வேலை.

ஆவுளியாவுக்கும் தமிழ்நாடு கடைசியில் இந்த வழியைத்தான் பிடித்தது. 2022 செப்டம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலோரத்தை ஒட்டிய பாக் நீரிணையில் 448 சதுர கிலோமீட்டர் கடலை ஆவுளியாக் காப்பகமாக அறிவித்தது அரசு. இந்தியாவில் இதுதான் முதல். தொட்டி கிடையாது, டிக்கெட் கிடையாது. 12,000 ஹெக்டேருக்கு மேல் விரிந்து கிடக்கும் கடற்புல்தான் அங்கே பண்ணை.

அந்தப் பண்ணைக்குக் காவலாளிகள் மீனவர்கள். வலையில் மாட்டிய ஆவுளியா தண்ணீருக்கு மேலே வந்து மூச்சுவிட முடியாவிட்டால் சில நிமிடங்களில் செத்துவிடும். உயிரோடு விட வேண்டுமென்றால் உடனே வலையை அறுக்க வேண்டும். அறுத்த வலையோடு அன்றைய மீனும் போகும். அப்படி அறுத்துவிட்ட மீனவர்களை வனத்துறை கூப்பிட்டுப் பாராட்டி வெகுமதி கொடுக்கிறது. ஆவுளியா 13 மாதத்துக்கு மேல் சுமந்து ஒரே ஒரு குட்டி ஈனும். அடுத்த குட்டிக்கு மூன்று வருடமும் ஆகலாம், ஏழு வருடமும் ஆகலாம். கரைக்கு வந்த பிறகு அந்த மீனவர் உட்கார்ந்து பின்ன வேண்டியது ஒரு வலை, தேற்ற வேண்டியது ஒரு நாள் வருமானம்.